தாடையைத் தொட்டுப் பாருங்கள்

(மலேசியாவின் கெமாஸ் வட்டாரத் தமிழர்களிடையே பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பற்களை இறுக்கிக் கடியுங்கள். கன்னத்தின் பின்பக்கம், காதுக்குக் கீழே ஒரு தசை உருண்டு எழுகிறதா? நாம் சோற்றை மெல்லும் தசை அது. அதன் முன் ஓரத்தில் விரலை வைத்து, தாடை எலும்பின் கீழ் விளிம்பு வரைக்கும் இறக்குங்கள். இப்போது கடிப்பதை விட்டுவிட்டு விரலை எலும்பின்மேல் லேசாக அழுத்துங்கள். ஒரு துடிப்பு தெரியும். தெரியாதவர்கள் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள்.

கிடைத்ததா? அதுதான் முகத்தமனி. கழுத்திலிருந்து ஏறி, தாடை விளிம்பைச் சுற்றி வளைந்து, உதட்டோரமாகப் போய், மூக்கின் பக்கவாட்டில் மேலேறி, கண்ணின் உள்மூலை அருகே கண்ணுக்கு ரத்தம் கொடுக்கும் தமனியின் கிளைகளோடு சேர்கிறது. உங்கள் விரலுக்குக் கீழே இப்போது துடிப்பதும் உங்கள் பார்வையும் ஒரே குழாய் வலையில் இருக்கின்றன. நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

நான் பல் மருத்துவர். ஃபில்லர் ஊசி போடுவது என் தொழில் அல்ல. ஆனால் சில ஆண்டுகளாகப் பல்லைக் காட்ட வரும் பிள்ளைகள் நாற்காலியிலிருந்து இறங்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்: “டாக்டர், தாடையில ஃபில்லர் போட்டா கோடு எடுத்த மாதிரி தெரியுமாமே, போடலாமா?” நிச்சயதார்த்தம் முடிந்த பெண் கேட்கிறாள். சிங்கப்பூரில் வேலை செய்யும் பையன் கேட்கிறான். கெமஞ்சேயிலிருந்து, பஹாவிலிருந்து, அந்தப் பக்கம் பத்து அன்னாமிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். பெரும்பாலும் வீட்டுக்குத் தெரியாமல்தான் கேட்கிறார்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஆசைப்படுகிறவர்கள், யாருக்கும் தெரியாத இடத்தில் போய்ப் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவேதான் இதை ஊர் கூடிய மண்டபத்தில், பெற்றோர் காதிலும் விழும்படி பேச வேண்டும் என்று விரும்பினேன்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாடைக்கு ஃபில்லர் போட்டுக்கொள்வது பாவமும் அல்ல, அகம்பாவமும் அல்ல. பாம்படம் போட்டுக் காது வளர்த்த பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகள் நாம். கையில் பச்சை குத்திக்கொண்டு கப்பலேறி வந்த பெண்கள் இந்தத் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். உடம்பை அழகுபடுத்திக்கொள்ளும் ஆசை நமக்கு நேற்று வந்ததல்ல. வயது வந்த ஒருவர், தான் உழைத்த காசில், என்ன ஏது என்று தெரிந்துகொண்டு செய்துகொள்கிறார் என்றால் அது அவர் விருப்பம். அந்த “தெரிந்துகொண்டு” என்பதில்தான் குறை இருக்கிறது.

ஃபில்லர் என்றால் என்ன? தோலுக்கு அடியில் ஊசிவழி நிரப்பும் பொருள். இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹையலுரோனிக் அமிலம். 1934இல் அமெரிக்காவில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயற்கையாகவே இருக்கும் பொருள் இது. தண்ணீரைப் பிடித்து வைக்கும். இயற்கையில் இருக்கும்போது ஓரிரு நாளில் கரைந்து புதிதாக ஊறிவிடும். அப்படிக் கரையாமல் இருக்க, அதன் இழைகளை வேதிப்பொருள் கொண்டு ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியான ஜெல் ஆக்குகிறார்கள். உதட்டுக்குப் போடும் ஜெல் மென்மையாக இருக்கும். தாடைக்குப் போடுவது எலும்பின் வேலையைச் செய்ய வேண்டும் என்பதால் அதிகக் கெட்டியாக இருக்கும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. முகச் சுருக்கத்துக்கான முதல் ஹையலுரோனிக் ஃபில்லரை 2003இல் அனுமதித்தது. தாடைக் கோட்டுக்கென்றே ஒன்றை அனுமதித்தது 2022இல்தான்; அதுவும் 21 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். அந்த வயதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்களின் தாடை எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்.

சரியாகப் போட்டால் இது வேலை செய்யும். காதுக்குக் கீழுள்ள தாடை மூலை கூர்மையாகத் தெரியும், தொங்கும் கன்னத்துக்கு முன்னால் விழும் பள்ளம் நிரம்பும், முகவாய்க்கட்டை முன்னே வரும். ஏறத்தாழ ஓராண்டு நிற்கும். சிலருக்குக் கூடுதலாகவும் நிற்கும். ஆனால் தளர்ந்த தோலை இழுத்துக் கட்டாது, முகவாய்க்குக் கீழுள்ள கொழுப்பைக் கரைக்காது, பற்கள் சேராத கடியைச் சரிசெய்யாது. உதட்டுக்கு ஒரு மில்லி போதும் என்றால் தாடைக்கு இரண்டு பக்கமும் சேர்த்துப் பல மில்லி பிடிக்கும். நகரத்து கிளினிக்குகளில் ஒரு சிரிஞ்சே ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், “பாதி விலைக்கு வீட்டுக்கே வந்து போட்டுத் தருகிறேன்” என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு நம் பிள்ளைகள் ஏன் பதில் போடுகிறார்கள் என்பது விளங்கும். அவர்களைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். தாடைக் கோடு ஏன் மங்குகிறது? இதை யாரும் உங்களிடம் கேட்பதில்லை. ஊசி போடுகிறவர் எங்கே பள்ளம் என்று பார்க்கிறார். பள்ளம் ஏன் விழுந்தது என்று நான் பார்க்கிறேன்.

பல் இருக்கும்வரைதான் அதைத் தாங்கும் எலும்பும் இருக்கும். பல்லைப் பிடுங்கினால் அந்த எலும்பு தேயத் தொடங்கும். முதல் ஓராண்டில் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். தால்கிரன் என்ற ஆய்வாளர், பற்களை இழந்து செயற்கைப் பல்செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1972இல் எழுதினார்: மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை சுமார் நான்கு மடங்கு அதிகமாகத் தேய்கிறது. கால் குட்டையானால் பந்தல் தொய்வதுபோல் மேலே இருக்கும் சதையும் தோலும் தொய்கின்றன. உதடு உள்ளே மடிகிறது, மூக்குக்கும் முகவாய்க்கும் இடைவெளி குறைகிறது. நாற்பது வயதில் அறுபது வயது முகம் வருகிறது. தோட்டத்தில் வளர்ந்த எத்தனையோ அம்மாக்களுக்கு இதுதான் நடந்தது. பல் வலித்தால் பிடுங்குவது ஒன்றுதான் வைத்தியம் என்று இருந்த காலம் அது. அவர்களுக்கு இன்று ஒருவர் தாடையில் ஜெல்லை நிரப்பினால் மேலே சற்று மேடு தெரியும். உள்ளே எலும்பு தேய்ந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பணத்தில் அளவாகச் செய்த பல்செட்டோ, முடிந்தால் இம்பிளாண்ட்டோ வைத்தால் முகமும் திரும்பும், முறுக்கும் கடிக்கலாம்.

இளம் வயதினர் கதை வேறு. “எனக்கு முகவாயே இல்லை டாக்டர்” என்று வருகிற பத்துப் பேரில் சிலருக்காவது கீழ்த்தாடை பின்வாங்கியிருக்கும்; மேல்பல் முன்னே துருத்தியிருக்கும். இது கடியின் கோளாறு. வளரும் வயதில் கண்டுபிடித்தால் பல்சீரமைப்பு நிபுணர் ஓரளவு திருத்துவார். வளர்ந்த பிறகு என்றால் சிலருக்கு எலும்பை நகர்த்தும் அறுவை தேவைப்படும். முன்னால் ஜெல்லைப் போட்டு மறைத்தால் படத்தில் அழகாக இருக்கும், சாப்பாட்டை மெல்லுவதில் மாற்றம் இருக்காது. வேறு சிலருக்குத் தாடை மூலை அகன்று முகம் சதுரமாகத் தெரியும். இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களா, காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறதா என்று கேட்பேன். கடித்துக் கடித்துப் பெருத்த தசை அது. அதற்கு ஃபில்லர் பொருத்தமில்லாத மருந்து.

இன்னொரு கூட்டமும் உண்டு: டிக்டாக்கைப் பார்த்து நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துப் பயிற்சி செய்யும் பையன்கள். ஜான் மியூ என்ற ஆங்கிலேயப் பல்சீரமைப்பு மருத்துவரின் பெயரால் மியூயிங் என்று இதைச் சொல்கிறார்கள். வளர்ந்தவர்களின் தாடை எலும்பு இதனால் மாறும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ரப்பர் உருண்டையை மணிக்கணக்கில் கடிக்கும் பழக்கம் தாடை மூட்டைத்தான் கெடுக்கும். தம்பிகளே, காதுக்கு முன்னால் டக் டக் என்று சத்தம் வந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் கைப்பேசி. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்: 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில், 5 அடித் தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறது. நடுமுகம் பெருத்தால் பக்கங்கள், தாடை உட்பட, ஒடுங்கித் தெரியும். இல்லாத குறையைக் கையின் நீளம் உண்டாக்கிவிடுகிறது. உங்கள் முகத்தை முடிவு செய்வதற்கு முன், ஒரு நண்பரை ஐந்தாறு அடி தள்ளி நிற்கவைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் அது உங்கள் ஆசை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். தாடை மூலையில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், தொட்டால் கட்டி, வாய் முன்புபோல் அகலத் திறக்கவில்லை: இவற்றில் எது இருந்தாலும் ஃபில்லர் பேச்சே கூடாது. அது சொத்தைப் பல்லின் சீழாக இருக்கலாம், உமிழ்நீர்ச் சுரப்பியாக இருக்கலாம், நெறிக்கட்டாக இருக்கலாம், அதைவிடக் கெட்டதாகவும் இருக்கலாம். வெற்றிலை பாக்கு போடுகிற வீடுகள் இன்னும் நம்மிடம் இருக்கின்றன. புகையிலை சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது. இந்த நாட்டில் வாய்ப்புற்று இந்தியர்களிடம், அதிலும் இந்தியப் பெண்களிடம் அதிகம் என்பதைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டியிருக்கிறது. தாடையைப் பற்றி இந்த ஊரில் பேச வந்துவிட்டு இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. உங்கள் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்து முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பல் மருத்துவரிடம் வாருங்கள்.

இனி அந்தத் துடிப்புக்கு வருகிறேன்.

ஊசிமுனை அந்தத் தமனிக்குள் போய், ஜெல் உள்ளே இறங்கினால் என்ன ஆகும்? ரத்தம் போகும் வழி அடைபடும். தோல் வெளுக்கும். பிறகு வலைபோட்டதுபோல் ஊதாத் திட்டுகள் எழும். வலி கடுமையாக இருக்க வேண்டும். ஆனால் ஜெல்லிலேயே மரப்பு மருந்து கலந்திருப்பதால் சிலருக்கு முதலில் வலி தெரியாது. கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் தோல் கருகிப் புண்ணாகும். நம் நிறத்துக்குத் தழும்பும் கறையும் சீக்கிரம் போகாது. மிக அரிதாக, ஜெல் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கண்ணின் தமனியை அடைந்தால் பார்வை போகும். விழித்திரை ரத்தமில்லாமல் தாங்குவது ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. அரிது என்றுதான் சொன்னேன், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கைதேர்ந்த மருத்துவர்களிடமும் அடைப்பு நேர்ந்திருக்கிறது.

அப்படியானால் கைதேர்ந்தவருக்கும் மற்றவருக்கும் என்ன வித்தியாசம்? அடைப்பு வந்த நிமிடத்தில் அதை அடையாளம் காண்பது, கையோடு மாற்று மருந்து வைத்திருப்பது. ஹையலுரோனிடேஸ் என்ற நொதி அந்த ஜெல்லைக் கரைக்கும். அதை நிறைய அளவில், தோலின் நிறம் திரும்பும்வரை மீண்டும் மீண்டும் போடுவார்கள். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவுக்குத் தோல் பிழைக்கும். இந்த மருந்து ஹையலுரோனிக் ஃபில்லரை மட்டுமே கரைக்கும். தாடைக்குக் கால்சியம் ஹைட்ராக்சிலபடைட் என்ற இன்னொரு வகையும் போடுகிறார்கள். அதை இது கரைக்காது. திரவ சிலிகானை எதுவும் கரைக்காது. முகத்தை நிரப்ப ஊசிவழி சிலிகான் போடுவதை எஃப்.டி.ஏ. ஒருபோதும் அனுமதித்ததில்லை. 1899இல் வியன்னாவில் கெர்சூனி என்ற மருத்துவர் பாரஃபினை உடம்பில் ஏற்றிப் பார்த்தார். அது உலகெங்கும் பரவி, ஆண்டுகள் கழித்துக் கட்டிகளாக வெடித்தது. கரைக்க முடியாததை முகத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்பது நூறாண்டுக்கும் மேலாகத் தெரிந்த விஷயம். ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைப் பீய்ச்சும் பேனாக்களை இணையத்தில் விற்கிறார்கள். அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021இல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. தங்கைகளே, அப்படியொன்று பார்சலில் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

நம் சட்டத்தைப் பார்ப்போம். ஃபில்லரை நம் நாட்டில் பதிவு பெற்ற மருத்துவர்தான் போட வேண்டும். மருத்துவர் என்பது மட்டும் போதாது. அழகியல் சிகிச்சைக்கென்று சுகாதார அமைச்சு வழங்கும் எல்.சி.பி. என்ற அனுமதிக் கடிதமும் வேண்டும். இடம் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார நிலையச் சட்டப்படி பதிவான கிளினிக்காக இருக்க வேண்டும். ஜெல், மருத்துவச் சாதன ஆணையமான எம்.டி.ஏ.வில் பதிவான மருத்துவச் சாதனமாக இருக்க வேண்டும். அழகு நிலையம், ஹோட்டல் அறை, தோழியின் வீட்டு வரவேற்பறை எதுவும் கிளினிக் ஆகாது. பதிவில்லாமல் நடத்துகிற தனிநபருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் அல்ல. 2017இல் பக்கத்து மலாக்காவில், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு பிரேசஸ் மாட்டிவிட்ட ஓர் இளம்பெண்ணுக்கு இதே சட்டத்தின்கீழ் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். கட்ட முடியாமல் சிறைக்குப் போனவரைப் பொதுமக்கள் காசு திரட்டி வெளியே கொண்டுவந்தார்கள். அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன்; பிழைக்க வழி தேடிய சின்னப் பெண் அவர். ஆனால் அவரிடம் பல்லைக் கொடுத்தவர்களுக்காக ஒரு சென்னும் யாரும் திரட்டவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. விலை அபராதத்தோடு நிற்பதும் இல்லை: 2020இல் கோலாலம்பூர் செராஸில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குப் போன இளம்பெண் உயிரோடு திரும்பவில்லை.

கெமாஸ்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அதை நகரத்து டாக்டர்கள் நினைத்துப் பார்க்கமாட்டார்கள். காலையில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் மதியத்துக்குள் தலைநகரில் ஊசியைப் போட்டுக்கொண்டு மாலை ரயிலில் வீட்டுக்கு வந்துவிடலாம். அன்றிரவு பத்து மணிக்குத் தாடையில் ஊதாத் திட்டு எழுந்தால்? இங்கிருந்து சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயில் பாதையிலேயே 98 கிலோமீட்டர். தம்பினிலோ சிகாமட்டிலோ அவசரப் பிரிவு திறந்திருக்கும். ஆனால் போட்ட பொருள் என்னவென்று தெரியாமல் அங்குள்ள டாக்டர் எதைக் கொண்டு கரைப்பார்? ஆகவே நகரத்துக்குப் போய்ப் போடுகிறவர்கள் அன்றிரவு அங்கேயே உறவினர் வீட்டில் தங்குங்கள். ஜெல் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை, பெயரும் தொகுதி எண்ணும் இருப்பதை, கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவிலும் எடுக்கும் எண் ஒன்றை மருத்துவரிடம் கேளுங்கள். பல்லில் சீழ், ஈறு வீக்கம் இருந்தால் முதலில் என்னைப் போன்றவரிடம் வந்து சுத்தம் செய்துகொள்ளுங்கள். பல் வேலைக்கும் ஊசிக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். வாய்க்கிருமி ரத்தத்தில் ஏறி அந்த ஜெல்லில் குடியேறினால் பல மாதம் கழித்தும் கட்டி எழும்.

அந்த நாற்காலியில் உட்காரும் முன் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: உங்கள் எல்.சி.பி.யைக் காட்ட முடியுமா? என்ன பொருள் போடுகிறீர்கள், கரைக்க முடியுமா? கரைக்கும் மருந்து இந்த அறையில் இப்போது இருக்கிறதா, எங்கே? நல்ல மருத்துவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து காட்டுவார். முகம் சுளிப்பவரிடம் பணத்தையும் கொடுக்காதீர்கள், முகத்தையும் கொடுக்காதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில், பிள்ளையைப் பார்த்ததும் “முகம் இப்படி உப்பிப்போச்சே, தாடையே காணோமே” என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தச் சொல்லோடுதான் பல பெண்கள் என்னிடம் வருகிறார்கள். மகள் ஃபில்லர் என்று வாயெடுத்தால் சத்தம் போடாமல் உட்காரவைத்துக் கேளுங்கள். போவதென்று அவள் முடிவெடுத்தால் நீங்களும் கூடப் போங்கள்.

இப்போது நேரமாகிவிட்டது, கேள்விகளைப் பிறகு கேட்கலாம். வெற்றிலை போடுகிற அம்மாக்களும் ஐயாக்களும் மட்டும் தயவுசெய்து உடனே கிளம்பிவிடாதீர்கள். டார்ச்சும் வாய்க் கண்ணாடியும் கொண்டுவந்திருக்கிறேன். பக்கத்து அறையில் ஒவ்வொருவர் வாயையும் பார்த்துவிட்டுத்தான் நான் ஊருக்குத் திரும்புவேன். வாருங்கள்.